லாட்டுக்கு ஒன்று

வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் விருதுநகர் மாவட்டத்தை விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறது. அதற்கு விடைகொடுத்து அனுப்புகிறவர், பல நாட்டுப் பட்டங்கள் பெற்ற டாக்டர் நவநீதகிருஷ்ணன் அவர்கள். விழா முடிவில் சைவ விருந்தும் வாணவேடிக்கையும் உண்டு. நோயின் தரப்பிலிருந்து யாரும் பேசப் போவதில்லை.

கடைசி வரி மட்டும் அழைப்பிதழில் இல்லை. மற்றதெல்லாம் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது, தங்கநிற எழுத்தில், தடவினால் மேடு தெரிகிற அச்சில். சிவகாசியில் அச்சடித்தால் எந்த வாசகமும் கொஞ்சம் உண்மை மாதிரித்தான் பளபளக்கும்.

டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகரில் வற்றல் மண்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். சென்னையில் படித்தார், லண்டனில் மேலும் படித்தார். திரும்பி வந்ததும் நான்கு வழிச்சாலை ஓரமாகக் கண்ணாடி வைத்த ஆஸ்பத்திரி ஒன்று எழும்பும் என்று சொந்தக்காரர்கள் காத்திருந்தார்கள். அவரோ ஒரு பழைய ஜீப், ஒரு டார்ச் லைட், ஒரு கேன் வினிகர் மூன்றையும் வாங்கிக்கொண்டு வெம்பக்கோட்டைப் பக்கம் போனார். கர்ப்பப்பையின் வாயில் வினிகரைத் தொட்டு வைத்து ஒரு நிமிடம் பொறுத்தால், கெடத் தொடங்கிய இடம் வெள்ளையாகத் தெரியும். கரண்டு வேண்டாம், பெரிய மிஷின் வேண்டாம். வெள்ளை தெரிந்த பெண்களை அதே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் வைத்தியம் பார்த்தார். கிராமங்களில் அவருக்குப் புளிச்சதண்ணி டாக்டர் என்று பெயர். பிழைத்த பெண்கள் நிறையப் பேர். இன்றைக்கும் அணைக்கட்டுப் பக்கத்துக் காடுகளில் அவர் புண்ணியத்தில் களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பகுதியில் கேலி செய்ய ஒன்றுமே இல்லை. வருத்தமாகத்தான் இருக்கிறது.

அவர் மூக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. முற்றிய நோய்க்கு ஒரு வாடை இருக்கிறது. ஒருமுறை சாத்தூர் பஸ்ஸில் போனபோது, முன்சீட்டில் இருந்த பெண்ணிடம் அந்த வாடையைப் பிடித்து, பஸ்ஸை நிறுத்தி இறக்கி, கையோடு கூட்டிப்போனாராம். விழா மலரில் இதை ‘மோப்ப சக்தி’ என்று எழுதியிருந்தார்கள். பிழைதிருத்தியவர் அது மரியாதையாக இல்லை என்று ‘தீர்க்க தரிசனம்’ என மாற்றிவிட்டார்.

பிறகு பாராட்டு வந்தது. பாராட்டும் மெதுவாகத்தான் பரவும், முற்றினால்தான் வெளியே தெரியும். முதலில் ஒரு சால்வை, அப்புறம் ஒரு கமிட்டி, அப்புறம் ஜெனீவா. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியோடு அறக்கட்டளை ஒன்று ஏற்பட்டது. அதற்குச் செயலாளராக ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் சீனிவாசகம் வந்து சேர்ந்தார். ஒரே வாக்கியத்தில் ‘இமயம்’ என்ற சொல்லை இரண்டு முறை வைத்துக் கட்டும் திறமை உள்ளவர். டாக்டர் டார்ச் லைட்டைக் கீழே வைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. பரிசோதனைக்கு வேனில் நர்ஸுகள் போனார்கள். கல்யாணமான எல்லாப் பெண்களையும் அனுப்பிவைத்த பட்டாசுக் கம்பெனிகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது. மருத்துவப்படி அந்தப் பரிசோதனை சில வருடங்களுக்கு ஒருமுறை போதும். போட்டோவுக்கு அது போதவில்லை. ஆகவே வருஷா வருஷம் நடந்தது.

அச்சங்குளத்தில் மகேஷ்குமார் என்கிற முதலாளியின் கம்பெனி ஒரு வருடம்கூட விடாமல் சான்றிதழ் வாங்கியது. அதற்குக் காரணம் அங்கே போர்மேனாக இருந்த பத்திரகாளி. ஆள் நல்லவர், மீசை பெரியது, வெடிவிபத்து ஒன்றில் ஒரு காது சுத்தமாகக் கேட்காது. முதல் வருடம் வேன் வந்தபோது நல்ல சீசன். மருந்து ரூமில் பெண்கள் பூச்சட்டிக்கு வெடிமருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

“மருந்து ரூம்ல இருந்து ஒரு ஆளும் எந்திரிக்கப்பிடாது” என்றார் பத்திரகாளி. “கலந்த மருந்து பொழுதுக்குள்ள தீரணும். மிச்சம் கெடந்தா அது நம்மளத் தீத்துரும்.”

அது உண்மை. கலந்த மருந்தை ராத்திரி வைத்திருந்தால் ஈரம் குடித்துத் தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த ஊரில் அப்படிப் போனவர்களின் போட்டோ ஒவ்வொரு தெருவிலும் மாலையோடு தொங்குகிறது.

“அப்ப வேன்ல யாரு அண்ணாச்சி போறது?” என்று கேட்டாள் பேக்கிங் ரூம் தங்கத்தாய்.

“நீங்க ரெண்டு மூணு பேரு போங்க. அவுக பேருக்கும் சேத்துக் காட்டிட்டு வாங்க.”

“இருக்கிறது ஒரு ஒடம்பு. இத வச்சு எத்தன பேருக்குக் காட்டுறது?”

“ஏத்தா, ஒரு லாட்டுல எத்தன வெடிய வெடிச்சுப் பாக்கோம்? ஒண்ணு. அது நல்லா வெடிச்சா லாட்டு நல்ல லாட்டு. எல்லாத்தையும் வெடிச்சுப் பாத்தா தீவாளிக்கு எத விக்கிறது? நீங்க அம்புட்டுப் பேரும் ஒரே ஊரு, ஒரே தண்ணி, ஒரே மருந்து. நீ நல்லாருந்தா எல்லாரும் நல்லாருக்காகன்னுதான் அர்த்தம்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கணக்கை நம்பித்தான் அந்த ஊரே பட்டாசை லோடு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. பட்டாசுக்குச் சரியாக வருகிறது, பொம்பளைக்கு மட்டும் வராமல் போகுமா? அன்றிலிருந்து மருந்து ரூம் பெண்களின் பேரைச் சொல்லிப் பேக்கிங் ரூம் பெண்கள் போய்வந்தார்கள். நர்ஸுகள் ஆண்டுதோறும் மாறினார்கள். மாறாவிட்டாலும் அவர்கள் பார்க்க வந்தது முகத்தை அல்ல. இந்த நாட்டிலேயே அதிகமாகப் பரிசோதிக்கப்பட்ட கர்ப்பப்பைவாய் என்று ஒரு பட்டம் இருந்தால் அது தங்கத்தாய்க்குத்தான் சேரும். குருவம்மாள் பேருக்கும் அவள்தான் எப்போதும் போனாள்.

குருவம்மாள் மருந்து ரூமில் மூத்த கை. கணவன் தங்கச்சாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். மகள் ஓவியா சாத்தூரில் காலேஜ் படிக்கிறாள். சித்திரையில் குருவம்மாளுக்கு நின்றுபோன தீட்டு மறுபடி வந்தது. வந்தது நிற்கவில்லை. வேலை விட்டதும், வேனில் வந்த நர்ஸிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நர்ஸ் போனில் பேரைத் தட்டிப் பார்த்தார்.

“வருஷா வருஷம் நல்லாருக்குன்னுதான வந்திருக்கு. இது வயசுச் சூடு. வெந்தயம் ஊறவச்சுக் குடிங்க.”

அது நான் இல்லை, தங்கத்தாய் என்று குருவம்மாள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் தங்கத்தாய்க்கு வேலை போகும், பத்திரகாளிக்கு வேலை போகும், கம்பெனிக்குச் சான்றிதழ் போகும். அதனால் வெந்தயம் குடித்தாள். கோடை முழுக்கக் குடித்தாள். ஆடியில் இடுப்பு வலி வந்தது. ஒரு வாடையும் வந்தது. மல்லிகைப்பூவை நிறைய வைத்துக்கொண்டாள்.

புற்றுநோயை வழியனுப்பும் விழாவுக்கு, ஒரு வருடம்கூடத் தவறாமல் பரிசோதனை செய்துகொண்ட தொழிலாளிப் பெண் ஒருத்தி மேடைக்கு வேண்டும் என்று சீனிவாசகம் கேட்டனுப்பினார். டாக்டருக்கு அவள் கையால் மாலை போட வேண்டும். பத்திரகாளி யோசித்து, வாயே திறக்காத ஆளாகப் பார்த்துக் குருவம்மாளின் பேரைக் கொடுத்தார்.

சனிக்கிழமை வேலை விட்டுத் திரும்பும் கம்பெனி பஸ்ஸில் தங்கத்தாய் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மதினி, நாளைக்கு அவரு பக்கத்துலதான நிக்கப் போறீக. மாலையப் போடும்போது காதுல சொல்லிருங்க.”

“என்னன்னு?”

“எனக்கு ஒடம்புக்கு முடியல, இதுவரைக்கும் வந்தது நான் இல்ல, தங்கத்தாய்தான்னு.”

“ஒனக்கு வேல போயிரும்.”

“போனா வேற கம்பெனி. கர்ப்பப்பை நல்லாருக்குன்னு எங்கிட்ட எத்தன சர்ட்டிபிகேட் இருக்கு. எவன் வேணாம்பான்?”

குருவம்மாள் சிரித்தாள். சிரித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தங்கத்தாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “எனக்குப் பாத்த கண்ணு ஒங்களுக்குப் பாத்திருக்கலாம் மதினி” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் கம்பெனி முதலாளிகள், அச்சக முதலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பின்வரிசைகளில் சீசனிலும் லீவு கொடுத்துக் கூட்டிவரப்பட்ட தொழிலாளிகள். குளிர்சாதனம் முன்வரிசையோடு நின்றுவிட்டது.

சீனிவாசகம் மைக்கைப் பிடித்தார். “இமயம் ஒன்று இமயம் போல எழுந்து வந்து” என்று தொடங்கி, “புற்றுக்கே புற்று வைத்த புனிதர்” என்பதில் வந்து நின்றார். புற்றுக்குப் புற்று வைத்தால் இரண்டு புற்று ஆகாதா என்று பின்வரிசையில் யாரோ கேட்டது மேடைவரை போகவில்லை. அடுத்துப் பேசிய மகேஷ்குமார், டாக்டர் பெயரில் புதிய பூச்சட்டி ஒன்றை அடுத்த சீசனுக்கு இறக்கப் போவதாக அறிவித்தார். அது வெள்ளையாக மட்டும் பூக்குமாம். வினிகர் பரிசோதனையில் வெள்ளை என்றால் என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாது. டாக்டருக்குத் தெரியும். அவரும் கைதட்டினார்.

பிறகு குருவம்மாளைக் கூப்பிட்டார்கள். பட்டுச்சேலை, தலைநிறைய மல்லிகை, முகத்தில் பவுடர். ஆள் உயர ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் தலையைக் குனிந்தார். சந்தனம், பன்னீர், ரோஜா, மல்லிகை இத்தனைக்கும் அடியில் இருந்து அந்த வாடை வந்தது.

குனிந்த தலை நிமிரவில்லை. போட்டோக்காரர்கள் அதைப் பணிவு என்று நினைத்து நிறையப் படம் எடுத்தார்கள்.

“எம்புட்டு நாளா இருக்கு?” என்றார் டாக்டர், உதடு அசையாமல். பல வருடமாகக் கமிட்டிகளில் இங்கிலீஷ் பேசிய வாயிலிருந்து மண்டிப் பேச்சு வந்தது.

“சித்திரையில இருந்துங்கய்யா.”

“ஒனக்கு வருஷா வருஷம் பாத்திருக்காகளே.”

“அது நான் இல்லங்கய்யா. மருந்து ரூம்ல இருந்து யாரும் வர முடியாது. எங்க பேருக்குப் பேக்கிங் ரூம்ல இருந்துதான் போவாக.” மாலை இன்னும் இருவருக்கும் நடுவில் இருந்தது. “எனக்கு ஆனது ஆயிருச்சு. அங்கன இன்னும் பொம்பளைக இருக்காகய்யா. அவுகள ஒருக்கா நெசமாப் பாத்துருங்க.”

“வேற கம்பெனிலயும் இப்படித்தானா?”

குருவம்மாள் மாலையை அவர் கழுத்தில் இறக்கினாள். சிவகாசியில் வேறு கம்பெனி என்று தனியாக ஏது?

ஏற்புரைக்கு அழைத்தார்கள். டாக்டர் சட்டைப்பையில் இருந்த உரையை எடுக்கவில்லை. மைக் முன்னால் நின்று, “நான் உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும்” என்றார். சபைக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கைதட்டத் தொடங்கியது. முன்வரிசை எழுந்து நின்று தட்டியது, அதைப் பார்த்துப் பின்வரிசையும் எழுந்தது. அது ஓயட்டும் என்று அவர் காத்திருந்தார். ஓய்ந்தபோது தைரியமும் ஓய்ந்திருந்தது.

“உண்மை என்னவென்றால், இந்த வெற்றி என்னுடையது அல்ல, உங்களுடையது” என்று சொல்லி, சட்டைப்பையில் இருந்து உரையை எடுத்தார்.

மேடைக்குப் பின்னால் இருந்த மணமகள் அறையில் குருவம்மாளை உட்காரவைத்திருந்தார்கள். டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு நோயாளியைத் தன் கையால் பரிசோதித்தார். விழாவுக்கு வந்திருந்த நர்ஸ் ஒருவரின் போன் வெளிச்சம்தான் டார்ச். பார்த்து முடித்துக் கையைக் கழுவினார், மறுபடி கழுவினார். சித்திரையில் வந்திருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். அதற்கு முந்தின வருடம் வந்திருந்தால் ஒரு நிமிடமும் கொஞ்சம் வினிகரும் போதும்.

வெளியே சீனிவாசகத்திடம் சொன்னபோது அவர் முகம் கறுத்தது, குருவம்மாளுக்காக அல்ல.

“ஐயா, மார்கழியில வெளிநாட்டுக் குழு வருது. நம்ம திட்டத்தை அஞ்சு மாநிலத்துக்குக் கொண்டுபோகப் போறாக. இப்ப இது வெளிய வந்தா அம்புட்டும் போச்சு. ஒரு பொம்பளைக்காக லட்சம் பொம்பளைகளை விட்டுருவீகளா?”

கேள்வி நன்றாகத்தான் கட்டப்பட்டிருந்தது. அந்த லட்சத்தில் எத்தனை பேர் தங்கத்தாய் என்று டாக்டர் பதிலுக்குக் கேட்டிருக்கலாம். அவர் உட்கார்ந்துவிட்டார்.

“வைத்தியம் எல்லாம் மதுரையில நம்ம ஆஸ்பத்திரியில, நம்ம செலவில” என்றார் கடைசியில். “மருந்து ரூம் பொம்பளைகளைக் குழு வந்துட்டுப் போனதும் நானே வந்து பாக்கேன்.”

“ரொம்பச் சரி. ஆனா அச்சங்குளம், குருவம்மான்னு பதிய வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம்னு போட்டுக்குவோம், அது வேற மாவட்டம்.” சீனிவாசகம் அறைக்குள் தலையை நீட்டினார். “ஏம்மா, வேற ஏதாவது ஒரு பேரு சொல்லு. ஒனக்கு மறக்காத பேரா இருக்கணும்.”

குருவம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

“தங்கத்தாய்” என்றாள்.

வெளியே வாணவேடிக்கை தொடங்கியது. டாக்டரின் முகம் வானத்தில் நெருப்பாகத் தெரியும் என்று ஏற்பாடு. மூக்கு மட்டும் பற்றவில்லை.

மதுரையில் அவளை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள், ரத்தம் ஏற்றினார்கள், தனி அறை. டாக்டர் தினமும் வந்தார். வரும்போதெல்லாம் அவள் கேட்டது ஒன்றுதான்.

“மருந்து ரூமுக்குப் போனீகளாய்யா?”

“போறேம்மா. குழு வந்துட்டுப் போகட்டும்.”

தங்கத்தாய் ஒருமுறை பார்க்க வந்தாள். கட்டில் தலைமாட்டில் தன் பேர் தொங்குவதைப் பார்த்தாள். “எம்பேரு ஒங்களுக்கு ராசியில்ல மதினி” என்றாள். “ஒம்பேரச் சொன்னா வாய்க்கு லேசா இருக்கு” என்றாள் குருவம்மாள். அதற்குமேல் பேச அவளுக்கு மூச்சு இல்லை.

மார்கழியில் குழு வந்தது. அச்சங்குளத்தில் சான்றிதழ்களைப் பார்த்தது, பால்கோவா சாப்பிட்டது, மிகவும் திருப்தி என்றது. குழு கிளம்பியதும் திட்டத்தை மற்ற மாநிலங்களுக்கு விளக்க டாக்டரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்ததும் மருந்து ரூம் என்று முடிவு செய்துகொண்டு போனார். அவர் போபாலில் இருந்தபோது, தை மாதம், மதுரை ஆஸ்பத்திரியில் கோவில்பட்டித் தங்கத்தாய் இறந்துபோனாள்.

தங்கச்சாமி உடலை வாங்கிக்கொண்டு வந்து ஊர் மயானத்தில் எரித்தான். கம்பெனியில் துக்கத்துக்குக் கொடுக்கிற லீவு கேட்டான். குருவம்மாள் செத்ததற்குக் காகிதம் வேண்டும் என்றார்கள். அவனிடம் இருந்த காகிதத்தில் வேறு ஒருத்திதான் செத்திருந்தாள்.

பங்குனியில் மறுபடி வேன் வந்தது. அஞ்சு மாநிலத்துக்குக் காட்ட வேண்டியிருந்ததால் இந்த வருடம் வேன் புதிது, நர்ஸும் புதிது. மருந்து ரூமில் வேலை நடந்துகொண்டிருந்தது. குருவம்மாள் உட்கார்ந்த இடத்தில் வேறு ஒருத்தி, ரிஜிஸ்டரில் அதே பேரில், மருந்து செலுத்திக்கொண்டிருந்தாள். பத்திரகாளி பேக்கிங் ரூமுக்கு வந்தார். தங்கத்தாயின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

“குருவம்மா பேரு இன்னும் இருக்கு. அதையும் சேத்துப் பாத்துட்டு வந்துரு.”

“அவுக செத்துப் போனாக அண்ணாச்சி.”

“செத்தது தங்கத்தாயின்னுல்ல சொல்றாக.”

“அப்ப நான் யாரு?”

பத்திரகாளிக்குக் கேட்காத காது அந்தப் பக்கம்தான் இருந்தது. அல்லது அப்படித் திருப்பிக்கொண்டார்.

தங்கத்தாய் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். வேனுக்குள் ஏறிப் படுத்தாள். தலைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் டாக்டர் நவநீதகிருஷ்ணன் ரோஜா மாலைக்குக் குனிந்துகொண்டிருந்தார். மாலையைப் பிடித்திருந்த கைகள் மட்டும் படத்தில் இருந்தன. முகத்தை வெட்டியிருந்தார்கள்.

“பேரு?” என்றார் நர்ஸ்.

“குருவம்மா.”

நர்ஸ் வினிகரைத் தொட்டு வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருந்தார். எங்கும் வெள்ளை தெரியவில்லை.

குருவம்மாளுக்குப் புற்றுநோய் இல்லை.